பத்து ட்ரம்ஸ்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரரும்

ஐம்பத்தாறாவது வயதில் நான் ரொக் இசை கேட்கத் தொடங்கினேன். ரசனை அதற்குக் காரணமில்லை. மற்ற எதுவும் எனக்குச் சரியாகக் கேட்காமற் போனதுதான் காரணம்.

நான் கணித ஆசிரியை. நல்லூரில் ஒரு ரியூசன் சென்ரரில் இருபத்தைந்து வருடம் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்தேன். மருதனார்மடத்திலிருந்து ஸ்கூட்டியில் போய் வருவேன். காது எப்போது குறையத் தொடங்கியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் பெண்பிள்ளைகளின் குரல்கள் போயின. உதடுகள் அசையும், ஒரு முணுமுணுப்பு வரும், சொல் மட்டும் வந்து சேராது. முன்வாங்கு வரை நடந்துபோய்க் குனிந்து, "இன்னொருக்காச் சொல்லும் பிள்ளை" என்பேன். ஒருநாள் பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி கையை உயர்த்தி ஏதோ கேட்டாள். வகையீட்டில் சந்தேகம் என்று நினைத்து, பலகையில் பத்து நிமிடம் விளக்கினேன். திரும்பியபோது வகுப்பு முழுவதும் தலை குனிந்திருந்தது. தலை சுற்றுகிறது, வெளியே போகலாமா என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அந்த வருடத்தையாவது முடித்திருப்பேன். அந்த மாத முடிவோடு நின்றுவிட்டேன்.

வீட்டில் நான் மட்டும். கலியாணம் கட்டவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அண்ணை கனடாவில் இருக்கிறார். வகுப்பு நின்றபிறகு, ஒருநாள் முழுவதும் மற்றொரு மனிதரோடு கதைக்காமல் கழிப்பது எவ்வளவு சுலபம் என்று கண்டுகொண்டேன். மரக்கறிக் கடையில் விரலைக் காட்டினால் போதும்.

அந்த ஆவணியில் அண்ணையின் மகன் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து மூன்று கிழமை நின்றான். பேக்கரியில் வாங்கும் ஒரு றாத்தல் பாண் அளவில் கறுப்பு ஸ்பீக்கர் ஒன்று கொண்டுவந்து, குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் ரொக் பாட்டுப் போடுவான். நான் குசினியில் நின்றபோது மேசையில் இருந்த எவர்சில்வர் மூடி மெல்ல அதிர்வதைக் கண்டேன். பிறகு சத்தமும் தெரிந்தது. பாடுபவனின் குரலும் கிற்றாரும் மழைநேரத்து யன்னற் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவர்களைப் போலக் கலங்கித்தான் வந்தன. ஆனால் ட்ரம்ஸ் தெளிவாக வந்தது. ஒவ்வொரு அடியும் விளிம்போடு வந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு சத்தத்தை "என்ன?" என்று திருப்பிக் கேட்காமல் நான் விளங்கிக்கொண்டது அன்றுதான்.

"மாமி, உங்களுக்கு உது பிடிச்சிருக்கோ?" என்று அவன் ஆச்சரியப்பட்டான். போகும்போது ஸ்பீக்கரை விட்டுவிட்டுப் போனான். காதுப் பரிசோதனைக்குத் தான் காசு அனுப்புவதாகவும், கட்டாயம் போகவேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனான். நான் அதைத் தள்ளிப்போட்டேன்.

போனில் தேடத் தொடங்கினேன். உலகம் முழுவதும் ஆட்கள் எக்காலத்துக்குமான சிறந்த ரொக் ட்ரம்ஸ்காரர்களைத் தரம் பிரித்துப் பட்டியல் போடுகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு பட்டியலில் முதலாவது ஆள் இன்னொன்றில் பதினான்காவதாக இருப்பார். கீழே ஆளாளுக்குத் திட்டி எழுதியிருப்பார்கள். ஏன் அந்த இடம் என்று ஒருவரும் காரணம் சொல்லியிருக்கமாட்டார்கள். காலம் முழுவதும் விடைத்தாள் திருத்திய எனக்கு அது பொறுக்கவில்லை. சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்று வாங்கி நானே புள்ளித்திட்டம் போட்டேன். நேரம் பிசகாமைக்கு நாற்பது. பலத்துக்கு இருபது. கற்பனைக்கு இருபது. மற்றவர்களுக்கு இடம் விடுவதற்கு இருபது.

அந்த ட்ரம்ஸ்காரர்களுடைய பெயர்களை நான் எவர் வாயாலும் கேட்டதில்லை, எப்படி உச்சரிப்பதென்றும் தெரியாது. ஆகவே நானே பெயர் வைத்தேன். ஒரு அடிகூடப் பிந்தாதவர் கணக்கர். எல்லாவற்றையும் உடைப்பதுபோல அடித்தவர் கொல்லன். மிகக் குறைவாக அடித்தவர் கஞ்சன். இப்படிப் பத்துப் பேர் வந்தார்கள். காலையில் சமைத்து வைத்துவிட்டு, கதிரையை ஸ்பீக்கருக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, இடது கையை அதன் மேல் வைத்துக்கொண்டு வலது கையால் புள்ளி எழுதுவேன். சத்தம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஊருக்கே கேட்டிருக்கும்.

ஒருநாள் பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரர் கேற்றைத் தட்டினார். ஜேர்மனியில் முப்பது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். மாடியும் பளிங்குத் தரையுமாக வீட்டைக் கட்டி, அதில் தனியாக இருந்தார். மனைவி அவரை விட்டுப் பிரிந்து பல வருடம். மகள் அங்கே குடும்பமாக இருந்தாள். அதுவரை அவரும் நானும் தலையசைப்போடு சரி. சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, அவர் வாய் திறக்க முதலே, "குறைக்கிறன் அண்ணை, குறை நினையாதேங்கோ" என்றேன்.

"அதுக்கு வரேல்லை ரீச்சர்" என்றார். கட்டையான, அடித்தொண்டைக் குரல். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. "நேற்றுக் காலமை ஒருத்தன் அடிச்சான். நடுவிலை ஒருக்கா நிப்பாட்டிப்போட்டுத் திருப்பி வருவான். அவனை இண்டைக்கும் போடுவியளோ எண்டு கேக்க வந்தனான்."

நடுவில் அப்படி நிறுத்துபவர் கொல்லன் ஒருவர்தான், அவரைத்தான் சொல்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்தது.

போர்ட்டிக்கோவில் இரண்டு கதிரை போட்டேன். கேற்றை அகலத் திறந்து விட்டேன். தனியாக இருக்கும் ஒருத்தியின் வீட்டுக்கு ஒரு ஆம்பிளை வந்தால் ஒழுங்கையில் போகிறவர்கள் எல்லோரும் உள்ளே பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும். தேத்தண்ணி குடித்துக்கொண்டு அவர் தன் கதையைச் சொன்னார். ஜேர்மனியில் ஒரு பெரிய இசை மண்டபத்தின் குசினியில் பதினேழு வருடம் கோப்பை கழுவியிருக்கிறார். குசினிக்கும் மேடைக்கும் நடுவில் தடித்த கொங்கிறீற்றுச் சுவர்.

"பேர்போன ஆக்கள் எல்லாரும் வந்தவங்கள். ஒருத்தனையும் கண்டதில்லை. சுவருக்குள்ளாலை பாட்டும் வராது, கிற்றாரும் வராது. ட்ரம்ஸ் மட்டும் வரும். அடுக்கி வைச்ச கிளாசெல்லாம் கிணுகிணுக்கும். அதிலையே ஆளை மட்டுக்கட்டுவன்."

நான் என் கொப்பியைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பிடித்து, பத்துப் பேருக்கும் நான் போட்ட புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் போட்டிருக்கிறியள். ஆனால் எனக்கு உந்த நாற்பது இருபது ஒண்டுமில்லை. ஒரே கேள்விதான். கோப்பை கழுவிக்கொண்டிருக்கேக்கை என்ரை கை நிண்டதோ, இல்லையோ."

அன்று தொடக்கம் ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு வருவார். வெள்ளிக்கிழமை மட்டும் வராமல் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போவார். நான் இரண்டு பாட்டுப் போடுவேன். கேட்டு முடித்ததும் அவர் கை நின்றதா என்று சொல்வார், நான் புள்ளியைச் சொல்வேன். கணக்கரைப் பற்றி எங்களுக்குள் பெரிய வழக்கு நடந்தது. நான் கணக்கருக்குத் தொண்ணூற்றியொன்று போட்டு முதலிடத்தில் வைத்திருந்தேன். "அவன் அடிக்கேக்கை நான் வழமையைவிடக் கூடக் கோப்பை கழுவியிருக்கிறன்" என்று அவர் தள்ளிவிட்டார். சில நாள் அவர் சொன்னதைக் கேட்டுப் புள்ளியை மாற்றுவேன். சில நாள் மாட்டேன் என்பேன். மாற்றாத நாட்களில் அவருக்குச் சந்தோசம் கூட என்று நினைக்கிறேன். வகுப்பு நின்றபிறகு நான் வாதாடிய ஒரே ஆள் அவர்தான்.

ஐந்து மாதம் இப்படிப் போனது. ஒழுங்கைக் கரையில் இருக்கும் ஒரு பெண் கடையில் வைத்து, "உவர் நெடுக உங்கடை வீட்டுப் பக்கம் வாறார் போலை" என்று கேட்டாள். அவளுடைய உதட்டிலிருந்து அதை முழுதாக வாசித்தேன். "ஓம், வாறவர்" என்றேன். அன்றும் நாலு மணிக்குக் கேற்றை அகலத் திறந்து வைத்தேன்.

ஒருநாள் மழை பெய்து விட்டிருந்தது. அவர் வழமையைவிட மெதுவாகக் கதைத்தார்.

"ரீச்சர், என்ரை முதலாவது ஆள் உங்கடை கொப்பியிலை இல்லை."

யார் என்று கேட்டேன்.

"பேர் தெரியாது. பெரிய கூட்டம் ஒண்டு மேடைக்கு வர முதல், ஆக்களைச் சூடாக்கிறதுக்கு ஒரு சின்னக் கூட்டம் அரை மணித்தியாலம் அடிக்கும். அதிலை வந்தவன். அண்டைக்குத்தான் எனக்கு அம்மா செத்த சேதி வந்தது. மூண்டு நாள் பிந்தி வந்தது. விசா இல்லை, வெளிக்கிட ஏலாது. வேலைக்குப் போனன். வேறை எங்கை போறது?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏழு மணி இருக்கும், கறண்ட் நிண்டுபோட்டுது. குசினி முழுக்க இருட்டு. மற்ற வாத்தியமெல்லாம் செத்துப்போச்சு எண்டு பிறகு மேடைப் பெடியள் சொன்னாங்கள். அவன் மட்டும் நிப்பாட்டேல்லை. வித்தை ஒண்டும் காட்டேல்லை. ஒரே அடி. கறண்ட் வருமட்டும் அதையே அடிச்சுக்கொண்டிருந்தான். பத்து நிமிசம் இருக்கும். கையைத் தண்ணிக்குள்ளை வைச்சபடி நிண்டன். அவன்தான் முதலாவது."

இப்போது யோசித்தால், அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இன்னொரு தேத்தண்ணி ஊற்றியிருக்கலாம். ஆனால் விடைத்தாளைக் கையில் எடுத்த ஆசிரியையாகவே இருந்தேன்.

"அண்ணை, பேருமில்லை, பதிவுமில்லை. அப்பிடி ஒருத்தனை எப்பிடித் தரம் பிரிக்கிறது? அண்டைக்கு நீங்கள் எதைக் கேட்டிருந்தாலும் கை நிண்டிருக்கும். நீங்கள் கேட்டது ட்ரம்ஸை இல்லை, உங்கடை துக்கத்தை."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "ஓம் ரீச்சர், அப்பிடியும் இருக்கலாம்" என்றார். சேட்டுக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழும்பி, ஒழுங்கையில் தேங்கிய மழைத்தண்ணிக்குள் கவனமாகக் கால் வைத்துப் போனார்.

அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் போய்ப் பார்த்திருக்கலாம், இருபது அடி தூரம்தான். ஒழுங்கைப் பெண்ணின் கேள்வி ஒரு பக்கம். என் ரோசம் மறுபக்கம். அவர் வராதபோது கேற் திறந்து கிடப்பது எனக்கே வெட்கமாக இருந்ததால் அதைப் பூட்டினேன். வாயால் மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை. நாலு மணிக்குக் கொல்லனின் பாட்டை, ஸ்பீக்கர் தாங்கும் அளவுக்குச் சத்தமாகப் போட்டேன். கேட்டால் வருவார் என்று நினைத்தேன். இரண்டு கிழமைக்கு மேல் அப்படிப் போட்டேன். மதிலுக்கு மேலால் அவருடைய மாடி யன்னல் தெரியும். அது பூட்டியே கிடந்தது. கேட்டும் வராமல் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பொழுது போகாத அந்த நாட்களில்தான், அண்ணையின் மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்த சாக்குப்போக்கை விட்டு, யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய்க் காதைச் சோதித்தேன். கீழ்ச் சுரங்கள் நன்றாக இருக்கின்றன, மேலே உள்ளவை போய்விட்டன என்று அங்கிருந்த பெண் படத்தில் கோடு கீறிக் காட்டினாள். வரைபு வாசிக்க எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. செங்குத்தாகக் கீழே விழுந்த அந்தக் கோட்டைப் பார்த்ததும், பிள்ளைகளின் குரல்கள் எந்த இடத்தில் விழுந்துபோயின என்று விளங்கியது. இரண்டு காதுக்கும் கருவி போட்டு அனுப்பினாள். பஸ்ஸில் வரும்போது சீற்றின் கிறீச்சு, ரிக்கற் கிழிக்கும் சத்தம், என் சேலையின் சரசரப்பு எல்லாம் ஒன்றாக வந்து தலைக்குள் இறங்கின. மருதனார்மடத்தில் இறங்கியபோது எனக்கு வியர்த்திருந்தது.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் கஞ்சனின் பாட்டைப் போட்டேன். அவரை எட்டாவதாக வைத்திருந்தேன். மிகக் குறைவாக அடிக்கிறார், கற்பனைக்குப் பத்துக்கு மேல் போட முடியாது என்று எழுதியிருந்தேன். இப்போது கேட்டால், அவர் சும்மா விட்டதாக நான் நினைத்த இடங்களில் எல்லாம் வலது கை ட்ரம்ஸோடு நிற்கும் பித்தளைத் தட்டின் மேல் ஓடிக்கொண்டே இருந்தது. அரிசி புடைப்பதுபோல ஒரு மெல்லிய சத்தம். ஒரு இடத்திலும் அது நிற்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மாறியது. பத்துப் பேரையும் திருப்பிக் கேட்டேன். எல்லோருக்கும் அந்தத் தட்டுகள் இருந்தன. கணக்கரின் தட்டு பல இடங்களில் பிந்தியது. நான் ஆறு மாதமாகப் பாதி விடைத்தாளை மட்டும் பார்த்துப் புள்ளி போட்டிருக்கிறேன். சுவருக்குப் பின்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்த நாளில் அந்தச் சத்தம் கேட்டிருக்காது, என் வாசலில் இருந்து கேட்டபோதும் அவர் அந்தப் பழைய அடியைத்தான் தேடினார். இருவரும் பாதியைத்தான் கேட்டிருக்கிறோம். இதை உடனே அவருக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. ரோசம் எங்கே போனதென்று தெரியவில்லை. கொப்பியை எடுத்துக்கொண்டு போனேன்.

அவருடைய கேற்றில் பெரிய ஆமைப்பூட்டுத் தொங்கியது. பக்கத்துச் சின்னக் கதவால், பூமரங்களுக்குத் தண்ணீர் விட வருகிற வயதான மனிதர் வெளியே வந்தார்.

"ஐயா இல்லையோ?" என்று கேட்டேன்.

"அவர் ஜேர்மனிக்குப் போய்ப் பதினெட்டு நாளாச்சுது. நெஞ்சு நோ எண்டு ஆஸ்பத்திரியிலை ரெண்டு நாள் வைச்சிருந்தவங்கள். மகள் வந்து கையோடை கூட்டிக்கொண்டு போட்டா." என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ரீச்சருக்குத் தெரியாதோ? போக முதல் ரெண்டு தரம் உங்கடை கேற்றடியிலை நிண்டு கூப்பிட்டவரே. நானும் நிண்டனான். உள்ளை பாட்டுப் பலமாப் போய்க்கொண்டிருந்தது. 'கோவம் போலை, விடு' எண்டுபோட்டுத் திரும்பி வந்திட்டார்."

அவரிடம் ஜேர்மனிப் போன் இலக்கத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். போனில் எனக்குக் கேட்காது என்பதால், ஐந்து மாதத்தில் நாங்கள் இருவரும் இலக்கம் மாற்றிக்கொள்ளவில்லை. கதிரையில் அப்படியே இருந்தேன். அழுகை வரவில்லை. அவரைக் கூப்பிடுவதற்காக நான் போட்ட சத்தம், அவர் என்னைக் கூப்பிட்ட சத்தத்தை மூடியிருக்கிறது. அதைத் தவிர வேறொன்றையும் என்னால் யோசிக்க முடியவில்லை. அன்று சமைத்ததைச் சாப்பிடவில்லை.

மூன்று நாள் கழித்துத்தான் போன் எடுத்தேன். மகள் எடுத்து, அவரிடம் கொடுத்தாள். குரல் மெலிந்திருந்தது. ஆனால் கருவி அதைக் கொண்டுவந்து தந்தது.

"அண்ணை, நீங்கள் கூப்பிட்டது எனக்குக் கேக்கேல்லை."



"நான் கோவமெண்டு நினைச்சன் ரீச்சர்."

"நான் கோவப்படுறதுக்கு என்ன இருக்கு? கதைக்கக்கூடாததைக் கதைச்சது நான்."

"சீச்சீ. நீங்கள் சொன்னது சரியெண்டுதான் பட்டது. அதுதான் வராமல் இருந்தனான். முப்பது வருசமாக் கொண்டு திரிஞ்சதை ஒருத்தர் ஒரு வசனத்திலை சொல்லிப்போட்டால், பிறகு அவையின்ரை முகத்தைப் பாக்க ஒருமாதிரிக் கிடக்கும்."

நான் கஞ்சனைப் பற்றிச் சொன்னேன். பித்தளைத் தட்டைப் பற்றிச் சொன்னேன். கணக்கர் மூன்றாவதுக்கு இறங்கியதைச் சொன்னேன். ஆர்வத்தில் வேகமாகச் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு இருமினார். ஒருக்கா நீங்களும் கேட்டுப் பாருங்கோ என்றேன்.

"இஞ்சை இப்ப பாட்டுக் கேக்கிறேல்லை. ஒப்பரேசனுக்குப் பிறகு, படுத்தால் என்ரை நெஞ்சு அடிக்கிறதுதான் கேக்குது. அதையே கேட்டுக்கொண்டு கிடக்கிறன்."

திரும்பி வருவீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. அவராகச் சொன்னார். மகள் விடமாட்டாள், வீட்டை விற்கச் சொல்லிவிட்டேன் என்று.

அவருடைய பெயரில்லாத ஆளைக் கொப்பியில் எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். முதலிடத்தில் எழுதினால் அவருக்கு ஒரு சின்னச் சந்தோசம் வரலாம். ஆனால் அது இரக்கப்பட்டுப் போடும் புள்ளி. என் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் நான் அப்படிப் போட்டதில்லை. அவருக்கும் அது விளங்கிவிடும். இதை அடுத்த முறை கதைக்கும்போது அவரிடமே சொன்னேன். "போடாதேங்கோ" என்றார். "அவன் என்னோடையே இருக்கட்டும்."

ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கதைத்தோம். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. ஒரே வாசலில் இருந்து வாதாடிய விசயத்தைத் தூரத்திலிருந்து எவ்வளவு நேரம் கதைக்கலாம்? சுகம் கேட்பதும், மழை பற்றிக் கேட்பதும், மகளின் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பதுமாகக் குறுகிப்போனது. கடைசியாகக் கதைத்தபோது அவர் களைத்திருந்தார். "வைக்கட்டோ ரீச்சர்?" என்றார். "ஓம், வையுங்கோ" என்றேன். பிறகு இரண்டு தரம் எடுத்தேன். மகள் எடுத்து, அப்பா படுக்கிறார் என்றாள்.

பட்டியல் அப்படியே கிடக்கிறது. கஞ்சன் முதலாவது. அதோடு வாதாட ஒருவரும் இல்லாததால் அது சரியா பிழையா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. பாட்டுக் கேட்கிறேன். பாட்டு நேரே காதுக் கருவிக்குள் வருகிற மாதிரி என் போனில் ஒழுங்கு செய்ய அண்ணையின் மகன் கனடாவிலிருந்து சொல்லித் தந்திருக்கிறான். வெளியே ஒரு சத்தமும் வராது.

போன மாதம் ஒரு புருசனும் மனைவியும் பக்கத்து வீட்டைப் பார்க்க வந்தார்கள். கொழும்பில் வேலை செய்பவர்கள், இங்கே வந்து இருக்கப் போகிறார்களாம். தண்ணீர் விடும் மனிதர் உள்ளே காட்டிக்கொண்டிருக்க, அந்தப் பெண் தனியாக மதிலடிக்கு வந்து என்னைக் கண்டு சிரித்தாள். அவளுடைய மெல்லிய குரல் எனக்கு முழுதாகக் கேட்டது.

"அக்கா, இது அமைதியான இடமோ? ரோட்டுச் சத்தம், கோயில் ஸ்பீக்கர், பக்கத்து வீட்டுச் சத்தம் எண்டு ஒண்டும் இல்லையே? இவருக்குச் சத்தம் ஒத்துவராது."

"இல்லைப் பிள்ளை" என்றேன். "இஞ்சை ஒரு சத்தமும் இல்லை."